அது மாத்திரை இல்ல மேடம், கேஸுக்கு

என் கணவர் வீட்டில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: கேஸ். தலை வலித்தால் கேஸ் தலைக்கு ஏறிவிட்டது. முதுகு பிடித்தால் கேஸ் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சு படபடத்தால் கேட்கவே வேண்டாம். மருந்தும் ஒன்றுதான். கோலி சோடா ஒன்றை உடைத்து, உப்பும் எலுமிச்சையும் போட்டு, ஒரே மடக்கில் குடிக்கச் சொல்வார்கள். குடித்தவரைச் சுற்றிக் குடும்பமே நின்று அவர் வாயைப் பார்க்கும். யாராவது முதுகில் பட்டு பட்டென்று தட்டுவார்கள். பெரிதாக ஓர் ஏப்பம் வந்துவிட்டால், "பூடுச்சி!" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஏப்பம் விட்டவர் பிழைத்தவர், அவ்வளவுதான் கணக்கு.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். என் அப்பா அம்மா படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். எங்கள் வீட்டில் நோய்க்குப் பெயர் வைக்கவே யாருக்கும் நேரம் இருந்ததில்லை. நான் படித்து, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். குடுவை கழுவுவது, அமிலப் பாட்டில்களைத் துடைத்து வைப்பது, ஆசிரியர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் என்னை விஞ்ஞானம் தெரிந்தவள் என்று என் மாமியார் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுத்ததில்லை. நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டுமே.

என் கணவர் சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவர். செங்கல்பட்டு ரயிலடியில் ஆள் ஏற்றி மாமல்லபுரம் போவார், மார்கழி தை மாதங்களில் வேடந்தாங்கலுக்கும் சவாரி இருக்கும். பறவை பார்க்க வருகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பச் சொல்வார்கள், மாமல்லபுரம் சவாரி இருட்டிய பிறகுதான் விடும். இடையில் எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. வயிறு கெட்டது. நெஞ்செரிச்சல் வந்தது. எங்கள் மகன் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் ஒரு டாக்டரிடம் போனார். அவர் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை கொடுத்து, சில வாரம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கச் சொன்னார். எரிச்சல் போய்விட்டது. எரிச்சல் போனபின் டாக்டர் எதற்கு? மாத்திரை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. மகன் இப்போது காலேஜில் படிக்கிறான். அந்த மாத்திரையும் இத்தனை வருடமாக எங்கள் வீட்டில்தான் இருந்தது.

காலையில் பல் விளக்கினதும் அது. வெளியே பிரியாணி சாப்பிட்டால் இன்னொன்று. தெரு முனைக் கடையில் "ஒரு கேஸ் மாத்திர அட்ட குடு" என்றால் எதுவும் கேட்காமல் கொடுப்பார்கள். அதை எங்கள் வீட்டில் யாரும் மருந்து என்று எண்ணியதே இல்லை. உப்பு, புளி, பற்பசை போல மாதச் சாமானில் சேர்ந்த ஒன்று. பிற்பாடு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று வேறொரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அதில் நீர் பிரிகிற மருந்தும் சேர்ந்திருந்தது. அது மாத்திரை. அதற்கு மரியாதை உண்டு, தனி டப்பா உண்டு, வேளை உண்டு.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவருக்கு நெஞ்சு படபடப்பு ஆரம்பித்தது. "உள்ள ஒரு மீனு துள்ளுற மாதிரி கீது" என்பார். கெண்டைக்கால் ராத்திரியில் பிடித்துக்கொள்ளும். டாக்டரிடம் போகலாம் என்று நான் கத்துவேன். கத்துவது எனக்குச் சுலபமாக வரும். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு கேஸ் மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வார். "கேஸுமா. சும்மா பேஜாரு பண்ணாத" என்பார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அடங்கும். மாத்திரையால் அடங்கியது என்று அவரும் நம்பினார், நானும் பாதி நம்பினேன்.

என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, நெம்மேலியில் இருக்கிறாள். அவளுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டு காதும் குத்த வேண்டும். என் கணவர் ஒரே மாமன். சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல் எல்லாம் தயார். ஆனால் மனிதருக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. எங்கோ சவாரியில் கண்டதைத் தின்றிருக்கிறார். முகம் வாடிக் கிடந்தது. "வேற நாள் வெச்சுக்கலாம்னு சொல்லுங்க" என்றேன். "மாமன் வரலன்னா எவன் மடியில குந்த வெப்பாங்க?" என்று வேட்டியை உதறிக் கட்டினார். அன்று காலையும் பழக்கப்படி கேஸ் மாத்திரையை மறக்கவில்லை.

கடல் காற்று அடித்துக்கொண்டிருந்த பந்தலில், கலர்த்தாள் தோரணத்துக்குக் கீழே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி வலது காதைக் குத்தினார். குழந்தை வீல் என்று கத்தியது, எல்லோரும் சிரித்தார்கள், அதன் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்கள். ஆசாரி இடது பக்கம் திரும்பினார். அப்போதுதான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினார். "புடி" என்றார். நான் வாங்கினேன். அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

சில நொடிதான். கண்ணைத் திறந்துவிட்டார். பந்தலில் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "கேஸு! கேஸு! சோடா எடுத்தாங்கடா!" ஒருவர் முதுகில் தட்டினார். ஒருவர் தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார். ஒரு பெரியம்மா, "ரத்தத்தப் பாத்து பயந்துகினான், கொயந்தையில இருந்தே அப்பிடித்தான்" என்று விளக்கம் கொடுத்தாள். சோடா வந்தது. குடித்தார். ஏப்பமும் வந்தது, நல்ல பெரிய ஏப்பம். "பூடுச்சி!" என்று பந்தலே மூச்சு விட்டது. "உக்காரு மச்சான், இன்னொரு காதையும் முடிச்சிடலாம்" என்றார் நாத்தனார் கணவர்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி பார்க்க எனக்குத் தெரியாது. ஆனால் அது சரியில்லை என்பது யாருக்கும் தெரியும். ரெண்டு அடி ஓடும், நிற்கும், மூன்று அடி சேர்ந்து விழும், மறுபடி நிற்கும். "யோவ், எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். "அண்ணி, இன்னொரு காது..." என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "காது எங்கயும் ஓடிப் பூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வர ரெக்கார்டையே யாரோ நிறுத்திவிட்டார்கள்.

அவருடைய வேனிலேயே அவரைப் படுக்க வைத்தோம். நாத்தனார் கணவர் ஓட்டினார். மாமல்லபுரம் தாண்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. எனக்குச் சாலை தெரியவில்லை, அவர் நெஞ்சு மட்டும்தான் தெரிந்தது. திருக்கழுக்குன்றத்தில் வண்டி நின்றது. "இன்னா ஆச்சு அண்ணா?" என்றால், கடையில் இறங்கி இன்னொரு சோடா வாங்கிக்கொண்டிருக்கிறார் அந்த நல்ல மனிதர்! "இன்னொரு ஏப்பம் வந்தா மொத்தமா கிளியர் ஆயிடும்மா." வாங்கி ஜன்னல் வழியாகச் சாலையில் எறிந்தேன். பாட்டில் உடைந்ததில் கடைக்காரர் என்னைத் திட்டினார். அதன்பின் வண்டி எங்கும் நிற்கவில்லை.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்த ஆளைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் சட்டையைத் திறந்து நெஞ்சில் வில்லைகளை ஒட்டச் சொன்னார். தலைமாட்டில் இருந்த திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று என்னைக் கேட்டார். "பிரஷர் மாத்திரை மட்டுந்தான் மேடம்" என்றேன். "வேற?" "வேற ஒண்ணும் இல்ல." மனதறிந்த உண்மையைத்தான் சொன்னேன். அவரும் படுத்தபடியே, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு மாறியது. அதுவரை மேடும் பள்ளமுமாகத் தாறுமாறாக ஓடியது, திடீரென்று பெரிய பெரிய அலையாகக் கிளம்பியது. அலை பெருத்தது, சிறுத்தது, தலைகீழாகத் திரும்பியது, மறுபடி பெருத்தது. காலையில் பந்தலில் பார்த்த கலர்த்தாள் தோரணத்தை யாரோ முறுக்கிக்கொண்டே போவது மாதிரி இருந்தது. அவர் கண் மேலே செருகியது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் திரையை ஒருமுறைதான் பார்த்தார். "மக்னீசியம்! சீக்கிரம்!" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். வருடா வருடம் நான் கையால் தொடுகிற வார்த்தை அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மக்னீசியம் நாடாவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பவள் நான். இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சத்தில் எரியும். நேராகப் பார்க்காதே என்று பிள்ளைகளை அதட்டுவதுகூட என் வேலைதான். அதையா இவர் உடம்பில் ஏற்றப் போகிறார்கள்? "ஐயோ மேடம், மக்னீசியம் எரியும் மேடம்!" என்று அலறிவிட்டேன்.

நர்ஸம்மா என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டாக்டர் திரும்பக்கூட இல்லை. "எரியாதும்மா. இது உப்பாக் கரைஞ்சது. சுவரோரமா நில்லுங்க" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. குப்பியை உடைத்து, ஊசியில் ஏற்றி, கை நரம்பில் நிதானமாகச் செலுத்தினார்கள். ஷாக் கொடுக்கிற மெஷினையும் தயாராகப் பக்கத்தில் தள்ளி வைத்தார்கள். பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது அந்த மருந்து. அதில் என் தாலி இருக்கிறது என்று எனக்கு நினைப்பு ஓடியது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் கூப்பிட்டேன்.

பிறகு நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முறுக்கிக்கொண்டு போன கோடு தடுமாறியது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு துடிப்பு எழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், வரிசையில் நிற்கத் தெரிந்த பிள்ளைகள் மாதிரி வந்துகொண்டே இருந்தன. மெஷினைத் தொடவே இல்லை. அவர் கண்ணைத் திறந்து, "இன்னா இவ்ளோ சூடா கீது? உடம்பெல்லாம் வெந்நி ஊத்துன மாதிரி" என்றார். அந்த மருந்து போனால் அப்படித்தான் இருக்குமாம். எனக்கோ, அந்த வெள்ளை வெளிச்சம் அவர் நரம்புக்குள் ஓடுகிறது என்றே தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டரைக் கும்பிட்டேனா, குப்பியைக் கும்பிட்டேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அவரைக் கண்காணிப்பு வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரிடம் கேட்டேன். "மேடம், கோவிச்சிக்காதீங்க. நான் ஸ்கூல்ல லேப்ல வேலை செய்யறேன். ஒரு உலோகத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் என் பட்டுப்புடவையைப் பார்த்தார். "விசேஷத்துல இருந்துதானே வந்தீங்க? பந்தி போட்டாங்களா?"

"அதுக்குள்ள வந்துட்டோம்."

"சரி, பந்தி எப்படி நடக்கும்? ஒரு கூட்டம் சாப்பிட்டு எழுந்திருக்கணும். எச்சில் இலை எடுக்கணும். துடைக்கணும். அப்புறம்தான் அடுத்த கூட்டம். அதுவரைக்கும் வாசல்ல ஒருத்தர் நின்னு உள்ள விடாமப் பார்த்துப்பார் இல்ல? இதயமும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லுக்கும் குட்டிக் குட்டி வாசல் இருக்கு. சோடியம், கால்சியம், பொட்டாசியம்னு உப்புங்க உள்ள போய் வெளிய வரும். அதுதான் துடிப்பு. ஒரு துடிப்பு முடிஞ்சு எல்லாம் பழையபடி அமைதியான பிறகுதான் அடுத்தது வரணும். அந்த வாசல்ல நிக்கிற ஆளுங்கள்ல ஒருத்தர் மக்னீசியம். அவர் இல்லன்னா முதல் பந்தி எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே அடுத்த கூட்டம் புகுந்துடும். இவருக்கு அதுதான் ஆச்சு. பொட்டாசியம் உடம்புல தங்கறதுக்கும் அந்த ஆள் வேணும்."

பந்தி என்றால் எனக்குத் தெரியும். ஒரே தள்ளுமுள்ளாகி இலை கிழிந்து சாம்பார் கொட்டி சண்டையில் முடிந்த பந்திகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இது பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம் ஓய்வில்லாமல் நடக்கிற பந்தி. நாம் தூங்கும்போதும், சண்டை போடும்போதும், வேன் ஓட்டும்போதும், யாரோ வாசலில் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஒருநாள்கூட அதை நினைத்ததில்லை. என் கையில் இருந்த தூசி, உப்புத்தாளில் ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறத் தூசி, இத்தனை பெரிய வேலை பார்க்கிற சங்கதி என்று யார் சொன்னார்கள் எனக்கு?

"எங்க வூட்ல ஆர்.ஓ. தண்ணிதான் குடிக்கிறோம், அதனாலயா மேடம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தண்ணியில வர்றது கொஞ்சந்தான். பழிய அதுமேல மட்டும் போட முடியாது. வயித்துப்போக்குல போயிருக்கும், பிரஷர் மாத்திரையில இருக்கிற நீர் மருந்துலயும் போகும். அதை நிறுத்திட்டேன். ஆனா இவ்வளவு கீழ போக இது பத்தாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.

பயந்ததுபோலவே ஆயிற்று. மறுநாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சாயங்காலம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் மறுபடி இறங்கியிருந்தது. கோட்டில் திரும்பவும் முந்திக்கொண்டு குதிக்கிற துடிப்புகள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நாங்க ஊத்த ஊத்த எங்கயோ ஓடுது. நாளைக்கும் இப்படியே இருந்தா சென்னைக்கு அனுப்பித்தான் பார்க்கணும்" என்றார். மறுபடியும் கேட்டார், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வேற ஏதாவது மாத்திரை? நாட்டு மருந்து? சூரணம்?" நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். வீட்டு அலமாரி ஒவ்வொரு தட்டையும் மனக்கண்ணில் பார்த்தேன். "சத்தியமா இல்ல மேடம்" என்றேன். அன்று ராத்திரி என் கணவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையன் ஹாஸ்டலில் இருந்து வந்து என் தோளில் கை வைத்தான். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

மூன்றாம் நாள் காலை. அவர் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். பல் விளக்கி முகம் துடைத்துவிட்டேன். பையன் பிளாஸ்க்கில் காபி வாங்கிவந்தான். டாக்டர் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். நானும் வழக்கம்போல, அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கைப்பையில் வைத்திருந்த அட்டையைப் பிதுக்கி ஒன்றை அவர் கையில் வைத்தேன். முந்தின நாளும் அப்படித்தான் செய்தேன். இத்தனை வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது.

"அது என்ன?" டாக்டர் குரல் வார்டையே திரும்ப வைத்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஏதோ குழந்தைக்கு விளங்க வைப்பவள்போல, "அது மாத்திரை இல்ல மேடம், கேஸுக்கு" என்றேன்.

அவர் வந்து என் கையிலிருந்து அட்டையை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நாளா?" என் கணவர் பையனைக் காட்டினார். "இவன் ஒண்ணாவது சேர்ந்ததுல இருந்து மேடம்." பையனுக்கு மீசை முளைத்திருந்தது. டாக்டர் அவனைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. "கிடைச்சிடுச்சு" என்றார்.

இது நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்குத் தேவை, டாக்டரைக் கேட்காமல் யாரும் சட்டென்று நிறுத்தவும் கூடாது என்று முதலில் சொன்னார். ஆனால் வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால், சிலருக்கு மட்டும், குடல் மக்னீசியத்தை உள்ளே வாங்குவதையே குறைத்துவிடுமாம். சாப்பாட்டில் எவ்வளவு இருந்தாலும் ஒட்டாதாம். கையிருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீர் மருந்தும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்ட அன்று பந்தலில் கீழே தள்ளிவிட்டது. "படபடன்னு வந்தப்போ என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டே, "கேஸுன்னு இன்னொண்ணு போட்டுக்குவேன் மேடம்" என்றார். டாக்டர் அந்த அட்டையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மாத்திரையை நிறுத்தி வயிற்றுக்கு வேறு வகை எழுதினார். பிரஷருக்கும் மாற்றினார். அதற்குப் பிறகு ஏற்றிய மருந்து உடம்பில் தங்கியது. ஒவ்வொரு நாளும் ரத்தப் பரிசோதனை ஒரு படி மேலே வந்தது. ஊசி போய் மக்னீசியம் மாத்திரை ஆயிற்று. "கீரை, கொட்டை, பயறு சாப்பிடுங்க. பச்சை இலையோட பச்சைக்கு நடுவுல மக்னீசியந்தான் உட்கார்ந்திருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார். பஸ் ஸ்டாண்டு வழியாக வரும்போது சாலையோர வேப்பமரம், கீரைக்கூடை, யார் வீட்டு மதிலிலோ படர்ந்த கொடி எல்லாவற்றையும் நான் வாய் பிளந்து பார்த்தேன். இத்தனை இலையிலும் அது இருக்கிறதா? இத்தனை நெஞ்சிலும்? "இன்னா மரத்தையே பாத்துகினு வர?" என்றார் அவர். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து அந்தப் பாடம் வந்தது. நாடாச் சுருளை எடுத்து உப்புத்தாளால் தேய்த்தேன். மங்கலாக இருந்தது தேய்க்கத் தேய்க்க வெள்ளியாக மின்னியது. ஆசிரியர் தீயில் காட்டினார். அந்த வெளிச்சம் எழுந்தபோது பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள். எத்தனையோ வருடம் பார்த்த வெளிச்சம். அன்றுதான் நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இதற்கிடையில் நெம்மேலியில் குழந்தை ஒற்றைக் காதில் கம்மலோடு திரிந்தது. வேறு யார் மடியிலாவது உட்கார வைத்து முடித்துவிடச் சொல்லி ஊரே சொன்னது. என் கணவரே போனில் சொன்னார். நாத்தனார் கேட்கவில்லை. "எங்கண்ணன் மடியில ஆரம்பிச்சிது. அவரு மடியிலதான் முடியணும்" என்று அழுதாளாம். டாக்டர் எல்லாம் சரி என்று சொன்ன பிறகுதான் நாள் குறித்தாள். அதுவரை அந்த ஒற்றைக் கம்மலைப் போட்டோவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் என்னவோ செய்யும். அது முடியாத காது இல்லை, முடியாத எங்கள் பயம்.

இந்தத் தடவை பந்தல் இல்லை, தோரணம் இல்லை, நாங்கள் பத்துப் பேர்தான். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். அந்தப் பக்கம் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை. எந்தச் சத்து குறைந்து இவர் விழுந்தாரோ, அந்தச் சத்து எதிரே கடலில் அள்ள அள்ளக் குறையாமல் கிடக்கிறது. கடல் தண்ணீர் வாயில் பட்டால் உப்போடு ஒரு கசப்பும் இருக்குமே, அதில் இதற்கும் பங்குண்டு என்று எங்கள் பள்ளி ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "அண்ணி, வாங்க, ஆசாரி வந்துட்டாரு" என்று நாத்தனார் கூப்பிட்டாள்.

அவர் அதே இடத்தில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அதற்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு மாமனையே பார்த்தது. நாத்தனார் கணவர் முன்ஜாக்கிரதையாக ஒரு சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் முறைத்த முறைப்பில் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். யாரும் குழந்தையின் காதைப் பார்க்கவில்லை. என் கணவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எங்கள் வீட்டில் நாலு பேர் முன்னால் புருஷன் கையைப் பிடிக்கிற வழக்கம் கிடையாது. மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விரலுக்குக் கீழே அது வந்தது, ஒன்று, அப்புறம் ஒன்று, அவசரமில்லாமல், ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருகிற நிதானத்தில். ஊசி இறங்கியது. குழந்தை வீல் என்று கத்தியது. என் விரலுக்குக் கீழே ஒரு துடிப்புகூட மாறவில்லை.

"முடிஞ்சிது" என்றார் ஆசாரி. எல்லோரும் சிரித்தார்கள், நாத்தனார் அழுதாள், யாரோ குழந்தை வாயில் லட்டைத் திணித்தார்கள். என் கணவர் குனிந்து என் காதில், "எல்லாரும் பாக்கறாங்க, கைய வுடு" என்றார்.

நான் விடவில்லை.